ஆளில்லாத ஆர்க்டிக் மீனவ ஊரை டைம்லாப்ஸில் எடுப்பது எப்படி? ஹாம்னிங்பெர்க்கை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

நார்வேயின் வடகிழக்கு மூலையில் வார்டோ என்ற சிறு நகரம் இருக்கிறது. அங்கிருந்து பேரன்ட்ஸ் கடலை ஒட்டியே போகும் ஒற்றைச் சாலை சுமார் 40 கிலோமீட்டரில் முடிந்துவிடும். அது முடிகிற இடம்தான் ஹாம்னிங்பெர்க். மரவீடுகள், மீன் இறக்கிய துறை, முழங்கால் உயரப் புல், எதிரே கடல். வருடம் முழுக்க அங்கே குடியிருப்பவர் யாருமில்லை.

இந்த ஊர் காலியான கதை தெரியாமல் கேமராவை எடுக்காதீர்கள். 1944 இலையுதிர் காலத்தில் சோவியத் செம்படையிடமிருந்து பின்வாங்கிய ஜெர்மன் ராணுவம், ஃபின்மார்க் மாகாணத்து ஊர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்திக்கொண்டே போனது. அந்தத் தீயில் பெரும்பாலும் தப்பித்த மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று. அதனால்தான் போருக்கு முந்தைய மரவீடுகளை இங்கே இன்றும் பார்க்க முடிகிறது. போரில் பிழைத்த ஊர் சமாதான காலத்தில் காலியானது. மீன்பிடிப் படகுகள் பெரிதாகின. அவற்றைப் பத்திரமாகக் கட்டிவைக்க ஒரு நல்ல துறைமுகம் இங்கே இல்லை. வேறு ஊருக்குக் குடிபெயர்வோருக்கு அரசு உதவித்தொகையும் கொடுத்தது. 1960-களின் நடுவில் கடைசிக் குடும்பங்களும் கிளம்பின. ஆனால் வீடுகளை யாரும் விட்டுவிடவில்லை. கோடையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வந்து கதவைத் திறக்கிறார்கள், சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்.

இந்த ஒரு விஷயம் உங்கள் படத்தையே மாற்றும். பேய் ஊர் என்று நினைத்துப் போனால் உடைந்த ஜன்னலைத் தேடித்தேடி எடுப்பீர்கள். எனக்கு அது பொய்யாகப் படுகிறது. இங்கே எடுக்க வேண்டியது, மனிதர் நகர்ந்த பிறகும் நகராமல் நிற்கிற வீட்டையும் அதைச் சுற்றி ஓயாமல் நகர்கிற எல்லாவற்றையும்தான். டைம்லாப்ஸ் என்பது ஒரே இடத்தில் கேமராவை வைத்து, இடைவெளி விட்டு எடுத்த படங்களை வேகமாக ஓட்டி, மணிக்கணக்கான நேரத்தைச் சில நொடிகளாகச் சுருக்குவது. அதற்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது.

படி 1: அசையாதது எது, அசைவது எது?

கிளம்புவதற்கு முன்பே ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகப் பிரியுங்கள். இடப்பக்கம் அசையாதவை: வீட்டுச் சுவர், ஜன்னல், துறையின் மரத்தூண், காட் மீனை உப்பே போடாமல் காற்றிலும் குளிரிலும் கருவாடாக்கத் தொங்கவிட்ட மரப்பந்தல். வலப்பக்கம் அசைபவை: மேகம், கடல் மூடுபனி, கடல்நீரின் ஏற்றவற்றம், நிழல், புல், கடற்காகங்கள், ஊருக்குள் மேய வரும் பனிமான்கள், இரவு வானில் ஆடும் துருவ ஒளி (அரோரா).

ஒவ்வொரு ஷாட்டிலும் இடப்பக்கத்திலிருந்து ஒன்று, வலப்பக்கத்திலிருந்து ஒன்று. அவ்வளவுதான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தால் கண் எதைப் பார்ப்பதென்று தெரியாமல் அலையும். முதல் பயணத்தில் நான் எடுத்த ஷாட்டுகளில் பாதிக்கு மேல் தூக்கிப் போட்டதற்கு இதுதான் காரணம். அழகான மேகம், அழகான கடல், அழகான புல், எல்லாமே ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தன.

வார்டோவைப் பற்றியும் ஹாம்னிங்பெர்க்கைப் பற்றியும் பழைய புகைப்படங்களை நார்வே அருங்காட்சியகங்களின் பொது இணையத் தொகுப்பான டிஜிட்டால்ட் மியூசியத்தில் தேடிப் பாருங்கள். அதே இடத்தில், அதே கோணத்தில் கேமராவை வைக்க முடிந்தால் படத்துக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிடும்.

படி 2: எந்த மாதம் போவது?

பனிக்காலத்தில் அந்தச் சாலை மூடப்பட்டிருக்கும். பனியை அகற்றி வசந்தத்தில்தான் திறப்பார்கள். அதனால் வழக்கமான பயணிக்கு இரண்டு பருவங்கள்தான் கையில்.

முதலாவது, மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரையிலான நள்ளிரவுச் சூரியக் காலம். ஊர் 70 டிகிரி 30 நிமிட வட அட்சரேகையை ஒட்டி இருப்பதால், ஜூன் 21 நள்ளிரவில் சூரியன் அடிவானத்துக்கு மேல் சுமார் 4 டிகிரியில் நிற்கும். ஏழெட்டுச் சூரியன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு வசதியும் உண்டு. இந்த ஊர் இஸ்தான்புல்லுக்கும் கிழக்கே இருக்கிறது. நார்வேயின் கோடைக்கால நேரம் 30 டிகிரி தீர்க்கரேகையின் நேரம் என்பதால், சூரியன் மிகத் தாழ்வாக, நேர் வடக்கே வரும் நேரமும் கடிகாரத்தின் 12 மணியும் இங்கே ஏறக்குறைய ஒன்றாகவே விழும். மேற்கே ட்ரோம்சோவில் அது கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம் தள்ளிப்போகும்.

இரண்டாவது, செப்டம்பர். இருட்டு திரும்பியிருக்கும், துருவ ஒளி தெரியும், சாலையும் பொதுவாகத் திறந்திருக்கும். ஒரே ஒரு பயணம்தான் முடியும் என்றால் நான் ஜூனைத்தான் சொல்வேன். துருவ ஒளியை வடக்கில் எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரு நாள் முழுக்க மறையாத சூரியன் காலி வீடுகளைச் சுற்றி வருவதை எடுக்க இடங்கள் குறைவு.

போகும் வழி: ஆஸ்லோவிலிருந்து கிர்கெனெஸுக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் கார். வார்டோ வரை 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். நார்வே கடலோரக் கப்பலும் வார்டோவில் நிற்கும். வார்டோ ஒரு தீவு. 1982-இல் திறந்த, கடலுக்கு அடியில் போகும் சுரங்கச் சாலைதான் அதை நிலத்தோடு இணைக்கிறது. சாப்பாடு, தண்ணீர், பெட்ரோல் எல்லாவற்றையும் வார்டோவிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். ஹாம்னிங்பெர்க் சாலை குறுகலானது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று விட்ட இடத்தில் நின்று வழிவிட வேண்டும். இருபுறமும் செங்குத்தாகச் சாய்ந்த பாறை அடுக்குகள் நிலவின் தரை மாதிரி நிற்கும். வழியிலேயே கேமராவை எடுக்கத் தோன்றும். திரும்பி வரும்போது எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: யாருடைய ஊர் என்பதை மறக்காமல் இருப்பது

நார்வேயில் வேலியடைக்காத இயற்கை நிலத்தில் யாரும் நடக்கலாம், கூடாரம் அடிக்கலாம் என்று 1957-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. ஆனால் குடியிருப்பு அல்லது விடுமுறை வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளித்தான் கூடாரம் இருக்க வேண்டும். ஊர் காலியாகத் தெரிந்தாலும் இந்தக் கணக்கு பொருந்தும். வீட்டுக்குள் நுழைவது, படிக்கட்டில் கேமராவை வைப்பது, ஜன்னல் வழியாக உள்ளே லென்ஸை நீட்டுவது எதுவும் கூடாது. யாராவது இருந்தால் போய்ப் பேசுங்கள். தங்கள் பாட்டியின் வீட்டை இவ்வளவு நேரம் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சந்தோஷம்தான். என்னிடம் பேசிய ஒரு பெரியவர், பழைய மீன் துறையில் காலைச் சூரியன் எந்தத் தூணில் முதலில் விழும் என்று கையால் காட்டிவிட்டுப் போனார். அடுத்த நாள் அங்கேதான் நின்றேன்.

டிரோன் வேண்டாம் என்பது என் கருத்து. பாறைகளிலும் கட்டடங்களிலும் கடற்காகங்கள் கூடு கட்டியிருக்கும் பருவம் அது.

படி 4: மூட்டையில் என்ன இருக்க வேண்டும்?

குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்கும் இன்டர்வல் வசதி உள்ள கேமரா (பல கேமராக்களில் உள்ளேயே இருக்கும், இல்லாவிட்டால் தனி இன்டர்வலோமீட்டர்), கனமான ட்ரைபாட், 24 எம்எம் அளவில் ஒரு அகல லென்ஸ், 85 எம்எம் அளவில் ஒன்று. அகல லென்ஸை மட்டும் கொண்டுபோகிறவர்கள் வீட்டுக்கு வந்துதான் வருந்துவார்கள். ஊரின் நுணுக்கம் எல்லாம் அந்த இரண்டாவது லென்ஸில்தான் கிடைக்கும்.

10 ஸ்டாப் என்டி ஃபில்டர் ஒன்று, அதாவது லென்ஸின் முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). 20,000 எம்ஏஎச் பவர்பேங்க் இரண்டு, கேமராவின் பேட்டரி இடத்தில் பொருத்தும் டம்மி பேட்டரி. பவர்பேங்குகளை விமானத்தில் கைப்பையில்தான் எடுத்துப்போக முடியும். லென்ஸைச் சுற்றிக் கட்டும் சிறு ஹீட்டர் பட்டை. நல்ல தண்ணீர் ஒரு பாட்டில், மைக்ரோஃபைபர் துணி நான்கைந்து. ஜிப் போட்ட பெரிய பிளாஸ்டிக் பை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, அதற்குப் பஞ்சு உறை.

ஜூலையிலும் அங்கே சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். கடற்காற்றோடு சேர்ந்தால் இன்னும் குளிரும். கேமராவுக்குப் பக்கத்தில் ஐந்து மணி நேரம் அசையாமல் உட்காரப் போவது நீங்கள்தான். உடையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

படி 5: கணக்கு

இதை அங்கே போய்ப் போடக் கூடாது, வீட்டிலேயே போட்டு எழுதிக்கொண்டு போக வேண்டும்.

படம் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். 10 நொடி ஷாட்டுக்கு 250 படங்கள் தேவை. நிகழ்வு எவ்வளவு நேரம் நீளும் என்பதைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். வேகமாக ஓடும் தாழ்ந்த மேகத்துக்கு 2 அல்லது 3 நொடி. நிதானமான மேகத்துக்கு 5 முதல் 10 நொடி. கடல் வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு சுமார் 6 மணி 12 நிமிடம். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் 372 படங்கள், கிட்டத்தட்ட 15 நொடி ஷாட்.

24 மெகாபிக்சல் கேமராவில் ஒரு ரா ஃபைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) 25 முதல் 30 எம்பி வரும். 700 படங்கள் என்றால் 20 ஜிபி. இதை வைத்து மெமரி கார்டு வாங்குங்கள். ஜேபெக்கில் எடுக்காதீர்கள். வெளிச்சம் மாறும் ஷாட்டைப் பின்னால் சரிசெய்ய ராவில்தான் இடமிருக்கும்.

படி 6: கேமராவைப் பூட்டுவது

தானாக மாறும் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஃபோகஸை ஒருமுறை பிடித்து மேனுவலுக்கு மாற்றி டேப் ஒட்டிவிடுங்கள். நிறச் சாயலைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸ் பகல் வெளிச்சத்தில் நிற்கட்டும். ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறன், நிலையாக. லென்ஸிலும் கேமராவிலும் இருக்கும் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள், ட்ரைபாடில் அதுவே நடுக்கத்தை உண்டாக்கும்.

ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இடைவெளியின் பாதியாக இருந்தால் அசைவு வழுவழுவென்று இருக்கும். 4 நொடி இடைவெளிக்கு 2 நொடி ஷட்டர். வெயிலில், ஐஎஸ்ஓ 100, எஃப் 8-இல் (எஃப் என்பது லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) 2 நொடி திறந்தால் படம் வெளுத்துப்போகும். அதற்குத்தான் 10 ஸ்டாப் ஃபில்டர். இந்த ஊரில் இது ரசனைக்காக மட்டும் அல்ல. புல் இருக்கிறதே, வேகமான ஷட்டரில் எடுத்தால் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு பக்கம் சாய்ந்து, திரையில் பூச்சி அரிப்பது போல் நடுங்கும். 2 நொடி திறந்துவைத்தால் அதே புல் வீட்டின் காலடியில் தண்ணீர் மாதிரி ஒழுகும். மரப்பலகையின் ஒவ்வொரு ஆணியும் கூர்மையாக, அதன் கீழே பச்சைத் தண்ணீர். எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

இன்னொன்று, மினுக்கல். லென்ஸின் துளை ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும்போது துல்லியமாக ஒரே அளவுக்கு மூடாது. படங்களைச் சேர்த்து ஓட்டும்போது வெளிச்சம் துடிக்கும். லென்ஸிலேயே துளையைக் கையால் திருப்பும் பழைய வகை லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை. இல்லாவிட்டால் துளையை முழுதாகத் திறந்து வைத்து எடுங்கள், ஃபில்டரை வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

படி 7: விட்டுவிடக் கூடாத ஷாட்டுகள்

*கம்பத்தின் நிழல்.* நள்ளிரவுச் சூரியன் மறையாது, வானத்தைச் சுற்றி வரும். அப்படியானால் ஊன்றிய ஒரு கம்பத்தின் நிழலும் நாள் முழுக்க, முழு வட்டமாக, கடிகார முள் போலச் சுற்றி வர வேண்டும். ஜூன் மதியத்தில் சூரியன் 43 டிகிரி உயரத்தில் இருக்கும், நிழல் கம்பத்தின் உயரம்தான் இருக்கும். நள்ளிரவில் அது ஏறக்குறைய 14 மடங்கு நீண்டு, தெற்கே எட்டும் தூரம் வரை படுத்துக் கிடக்கும். வீட்டு முற்றத்துக் கொடிக்கம்பமோ பழைய படகுக்கட்டையோ, சுற்றிலும் தடையில்லாத ஒன்றைத் தேடுங்கள். கேமராவை உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிச் சாய்த்து, 2 நிமிடத்துக்கு ஒரு படம், 24 மணி நேரம். 720 படங்கள், 29 நொடிக்குச் சற்றுக் குறைவு. மேகமில்லாத நாள் தேவை. வானிலையை நார்வேயின் அரசு வானிலை நிலையம் நடத்தும் ஒய்ஆர் சேவையில் பார்க்கலாம். இரண்டு முறை முயன்று மூன்றாவது முறைதான் எனக்கு முழு வட்டம் கிடைத்தது. அதற்காகவே இன்னொரு முறை போகலாம் என்று சொல்லுமளவு மதிப்புள்ள ஷாட்.

*நள்ளிரவுச் சூரியன்.* வடக்கே கடலைப் பார்த்து, முன்னால் ஒரு கூரை விளிம்பு. நள்ளிரவை ஒட்டிச் சூரியன் மணிக்கு 14 டிகிரி அளவில் வலப்பக்கமாக நகரும். முழு ஃப்ரேம் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் 24 எம்எம் லென்ஸின் பார்வை அகலம் 74 டிகிரி. சூரியன் சட்டத்தின் இடது ஓரத்தில் நுழைந்து வலது ஓரத்தில் வெளியேற ஐந்தேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். 30 நொடி இடைவெளி வைத்தால் 640 படங்களுக்கு மேல் வரும். இரவு 9 மணிக்கு முன்பே எல்லாம் தயாராக இருக்கட்டும். வியூஃபைண்டரில் சூரியனைப் பார்க்காதீர்கள், திரையில் பாருங்கள்.

*ஜன்னல் கண்ணாடி.* பழைய கண்ணாடி முழுச் சமதளமாக இருக்காது. அதில் தெரியும் மேகம் நெளிந்து, ஒரு பலகத்திலிருந்து அடுத்த பலகத்துக்குத் தாவும்போது சற்று உடைந்து சேரும். 85 எம்எம் லென்ஸோடு பாதையிலேயே நின்று, ஜன்னலுக்குச் சாய்வான கோணத்தில் எடுங்கள். நேராக நின்றால் உங்கள் ட்ரைபாடும் கண்ணாடியில் தெரியும், வீட்டின் உள்ளேயும் தெரியும். இரண்டும் வேண்டாம். வானத்துக்கு ஃபோகஸ் செய்வதா சட்டத்துக்கா என்ற கேள்வி வரும். சட்டத்துக்குச் செய்யுங்கள். பெயின்ட் செதில் கூர்மையாக இருந்தால்தான் மேகம் கடந்துபோவது உறைக்கும்.

*ஏற்றவற்றம்.* துறையின் ஒரு தூண், அதில் ஒட்டிய பாசி, ஏறி இறங்கும் நீர்மட்டம். இங்கே வேறுபாடு இரண்டு மீட்டருக்கு மேல் போகும். நீங்கள் நிற்கிற பாறையையும் கடல் தேடி வரும் என்பதை ஷாட்டைத் தொடங்கும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

*செப்டம்பரில் துருவ ஒளி.* எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 முதல் 3200, 4 முதல் 8 நொடி ஷட்டர், அதைவிட ஒரு நொடி கூடுதலான இடைவெளி. ஒளி வேகமாக ஆடினால் ஷட்டரைக் குறைத்து ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். முன்னால் இருக்கும் வீடு கரிக்கட்டையாகிவிடாமல் இருக்கப் பாதி நிலவு உள்ள இரவு நல்லது. டார்ச் அடித்து வீட்டுக்கு வெளிச்சம் கொடுப்பவர்கள் உண்டு. ஆளில்லாத ஊரில் அது உடனே செயற்கையாகத் தெரியும். மாலையிலிருந்து இரவுக்கு ஒரே ஷாட்டில் போக விரும்பினால் பொறுமை வேண்டும். நம் ஊரில் அரை மணி நேரத்தில் கவிந்துவிடும் அந்தி, அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்கும். ஷட்டரையும் பிறகு ஐஎஸ்ஓவையும் மூன்றில் ஒரு ஸ்டாப் வீதம் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அந்தப் படிகளைப் பின்னால் மென்பொருள் வழித்துவிடும்.

படி 8: காற்று, உப்பு, ஈரம்

ட்ரைபாடைத் தாழ்வாக வைத்து, நடுக்கம்பியில் கல் நிரப்பிய பையைத் தரையில் படும்படி கட்டுங்கள். பை ஊஞ்சலாடினால் அது இல்லாமலிருப்பதே மேல். கேமராவின் தோள்வாரைக் கழற்றிவிடுங்கள். காற்றில் அது படபடவென்று அடிப்பதில் ஒரு ஷாட் முழுதும் போய்விடும்.

கடற்சாரல் லென்ஸில் உப்பாகப் படியும். உலர்ந்த துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணி, பிறகு உலர்ந்தது.

ஒரு ஜூன் இரவு, வானம் துடைத்துவைத்தது போல இருந்ததால் கேமராவை விட்டுவிட்டு வண்டியில் கண்ணயர்ந்தேன். ஒரு மணிக்குக் கடலிலிருந்து மூடுபனி ஏறியிருக்கிறது. பனி வந்து வீடுகளை ஒவ்வொன்றாக விழுங்கும் அற்புதமான காட்சி, முதல் 80 படங்கள் வரைதான். அதற்குமேல் லென்ஸில் ஈரம் கோத்து எல்லாம் வெறும் வெள்ளை. அன்றைக்குப் பிறகு ஹீட்டர் பட்டையைக் கட்டாமல் ஒரு ஷாட்டும் தொடங்குவதில்லை. குளிரிலிருந்து சூடான வண்டிக்குள் கேமராவைக் கொண்டுவரும்போது ஜிப் பைக்குள் மூடி, கேமரா சூடேறும் வரை திறக்காமல் வையுங்கள். ஈரம் பையின் வெளியே படியும்.

படி 9: எடிட்டிங்

படங்களை ஷாட்டுக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து, இரண்டு டிஸ்கில் நகலெடுத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். எல்ஆர்டைம்லாப்ஸ், லைட்ரூம் என்ற இரண்டு மென்பொருள்களும் சேர்ந்தால் வெளிச்ச மாற்றத்தையும் மினுக்கலையும் சமன்படுத்திவிடலாம். பிறகு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் ஷாட்டுகளை அடுக்கலாம். அதன் இலவசப் பதிப்பே போதும்.

நிறத்தைக் கூட்டாதீர்கள். உப்பும் காற்றும் வெளுத்த பலகையின் சாம்பல் நிறம்தான் இந்த ஊரின் நிறம். ஷாட்டுகள் நீளமாக இருக்கட்டும். 4 நொடிக்கு ஒன்றாக வெட்டினால் விளம்பரம் போல ஓடும். 12 அல்லது 15 நொடி ஒரே வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால், முதல் 5 நொடியில் மேகத்தைப் பார்த்த கண் அப்புறம் வீட்டைப் பார்க்கத் தொடங்கும்.

கோடையில் வீட்டுக்காரர்கள் வந்திருந்தால் ஃப்ரேமில் ஒரு கார் வரும், புகைபோக்கியில் புகை தெரியும், துணி உலரும். பலர் இதை அழித்துவிடுவார்கள். விட்டுவையுங்கள். படத்தின் நடுவில் எங்கோ ஒரு நொடி ஒரு கதவு திறந்து மூடுவது இந்த ஊரின் உண்மை.

படி 10: ஒலி

டைம்லாப்ஸ் ஊமைப்படம். அதனால் கேமரா ஓடும்போதே பக்கத்தில் ஒலியைத் தனியாகப் பதிவு செய்யுங்கள், ஆனால் இயல்பான வேகத்தில். துறைக்கு அடியில் நீர் அடிப்பது, கொடிக்கயிறு கம்பத்தில் தட்டுவது, கிட்டிவேக் கடற்காகம் தன் பெயரையே சொல்லிக் கத்துவது, தளர்ந்த தகரம் ஒன்று காற்றில் முனகுவது. ஒவ்வொன்றும் குறைந்தது 5 நிமிடம். ஓடும் மேகத்தின் கீழே ஓடாத ஒலியை வைத்தால் பார்ப்பவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பது போல உணர்வார். பியானோவைச் சேர்க்க ஆசை வரும். முதலில் இசையில்லாமல் ஒருமுறை முழுதாகப் போட்டுப் பாருங்கள்.

படம் முடிந்ததும் யாருடைய வீட்டை எடுத்தீர்களோ அவர்களுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். ஷாட் எடுத்த இடம், தேதி, கேமரா நின்ற திசை மூன்றையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள். பத்து வருடம் கழித்து அதே இடத்தில் வேறொருவர் ட்ரைபாடை ஊன்ற வேண்டியிருக்கலாம்.